நாடா கட்டுற இடம்

அந்தக் கதவத் தள்ளாதீங்க தம்பி. தள்ளுனீகன்னா செக்யூரிட்டி ஓடியாந்து கத்துவான். எனக்கே அது தொறக்க மாட்டேங்குது, உங்களுக்கு எங்க தொறக்கப் போகுது? பேரு கூப்புடுவாக. உக்காருங்க. அதுல வேணாம், அது கால் ஆடும். இங்கிட்டு வாங்க. ஏழு மாசமா இந்த வராந்தாவுல உக்காந்து எந்திரிச்சதுல எந்த நாற்காலி எப்புடின்னு எனக்கு அத்துபடி.

டாக்டர் மெஹருன்னிசாவப் பாக்கத்தானே? கையில ஸ்கேன் கவரு, அதுக்கு மேல பேப்பரச் சுத்தி வச்சிருக்கீக. பாத்தாலே தெரியுது. அந்தா, பொம்பளைக வரிசையில மஞ்சப் பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காகளே, உங்க அம்மாவா? பரமக்குடியா? நாங்க அருப்புக்கோட்டை. அம்மாவுக்கு என்ன சொல்லிக் கூட்டியாந்தீக? வாயுன்னா? குடல்ல வாயு அடைச்சிருக்குன்னு சொன்னீகளா? சபாசு. சரியான வேலை பண்ணுனீக. சொல்லாதீக தம்பி. கடைசி வரைக்கும் சொல்லாதீக. இங்க உள்ளவுக கேப்பாக, சொன்னீங்களா சொன்னீங்களான்னு நச்சரிப்பாக. சொல்லியாச்சுன்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருங்க. நான் அதத்தான் பண்ணுனேன். பண்ணுனதுல ஒரு தப்பும் இல்ல. ஜெசிந்தான்னு ஒருத்தி மட்டும் குறுக்க வரலைன்னா என் குடும்பம் இன்னைக்கு இந்தக் கதியில நிக்காது.

என் தொழில் என்னன்னு கேளுங்க. கல்யாண மண்டபத்துல மேனேஜர். பத்தொம்பது வருசம். மண்டபத்துல மேனேஜர் வேலைன்னா சாவியையும் சேரையும் பாத்துக்கிறதுன்னு நெனைப்பாக. அது இல்ல. நடக்குற கோளாறு எதுவும் கல்யாண வீட்டுக்காரன் காதுக்குப் போகாமப் பாத்துக்கிறதுதான் வேலை. ஒரு முகூர்த்தத்துல பொண்ணோட தாய்மாமனுக்கு நெஞ்சுவலி வந்துருச்சு. பின்வாசல் வழியா ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு, மாமா எங்கன்னு கேட்டவுகளுக்கெல்லாம் பூ வாங்கப் போயிருக்காருன்னேன். தாலி ஏறுன பெறகுதான் வாயத் தொறந்தேன். அந்தப் பொண்ணோட அப்பா என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. அப்பேர்ப்பட்ட ஆளு நானு. எனக்கு என் பொண்டாட்டிக்கு எதைச் சொல்லணும், எதைச் சொல்லக்கூடாதுன்னு தெரியாதா?

சண்முகவடிவுன்னு பேரு. அங்கன்வாடியில டீச்சர். இருபத்திரண்டு வருசமா நம்ம தெருப் பிள்ளைக அம்புட்டும் அவ கையில சோறு தின்னு வளந்ததுதான். போன வருசம் ஐப்பசியில வயிறு உப்ப ஆரம்பிச்சது. சாப்பிடாமலே வயிறு நெறைஞ்ச மாதிரி இருக்குங்கன்னா. அதுக்கும் நான் வாயுன்னுதான் சொன்னேன், உங்கள மாதிரியேதான். ஓமத் தண்ணி, சுக்குக் கசாயம், மெடிக்கல்ல ஒரு மாத்திரை. ரெண்டு மாசம் ஓடிருச்சு. ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருக்கலாமேன்னு இந்த டாக்டரம்மா கேட்டாக. வயிறு உப்புனவுக எல்லாம் மதுரைக்கு ஓடியாந்தா ஊருல யாரு தம்பி இருப்பா?

சினைப்பையில கட்டி. ரெண்டு பக்கமும். குடல்லயும் போயி ஒட்டிக்கிட்டு இருக்குன்னாக. என்னைய மட்டும் உள்ள கூப்பிட்டு, காகிதத்துல படம் வரைஞ்சு காட்டுனாக. கர்ப்பப்பை, சினைப்பை, குடலுக்கு மேல படர்ந்திருக்கிற கொழுப்பு, எல்லாத்தையும் எடுக்கணும். குடல்ல ஒரு துண்ட வெட்டி ஒட்டவும் வேண்டி வரலாம். வெட்டுனா அந்த ஒட்டு ஆறுற வரைக்கும் மாசக்கணக்குல வயித்துல ஒரு ஓட்டை போட்டு, குடலோட நுனிய வெளிய கொண்டாந்து பை மாட்டணும். மலம் அதுல போகும். பெறகு உள்ள வச்சுத் தச்சுருவோம். இதை உங்க வீட்டம்மாகிட்ட நான் பேசணும்னாக. நான் எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவ தாங்க மாட்டா டாக்டர், நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்னேன். அவுக நம்புனாக. நல்ல அம்மா அவுக. அவுகளக் குத்தம் சொல்ல மாட்டேன்.

சொல்லல. எப்புடிச் சொல்றது? உனக்குக் கேன்சரு, உன் குடலு வெளிய தொங்கப் போகுதுன்னு கட்டுன புருசன் வாயால சொல்லணுமா? கர்ப்பப்பையில கட்டி, எல்லாப் பொம்பளைக்கும் வர்றது, எடுத்துட்டா சரியாப் போயிரும்னேன். அப்புடியான்னா. அம்புட்டுத்தான். பூனாவுல இருக்கிற என் மகளுக்குச் சொன்னேன். அண்ணன் தம்பிகளுக்குச் சொன்னேன். மண்டபத்து ஓனருக்குச் சொன்னேன், லீவு வேணும்ல. வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். எங்க தெருவுல அவளுக்கு மட்டும்தான் தெரியாது. அம்புட்டுக் கட்டுப்பாடா வச்சிருந்தேன் தம்பி. பன்னெண்டு நாளு ஒருத்தன் வாயில இருந்து ஒரு சொல்லு வெளிய விழல. அதெல்லாம் லேசுப்பட்ட காரியமா?

ஆபரேசனுக்கு ஒத்துக்கிறேன்னு கையெழுத்து வாங்குனாக. இங்கிலீசுல நாலு பக்கம். காப்பீட்டுக் காகிதம்னேன். வாங்கிப் போட்டுட்டா. என்னைய நம்பிப் போட்டா.

இங்கதான் அந்த ஜெசிந்தா வர்றா. பை மாட்டுற நோயாளிகளுக்குன்னே தனியா ஒரு நர்சு வச்சிருக்காக, அதுதான் அவ. ஆபரேசனுக்கு மொத நாள் சாயங்காலம் கையில ஒரு பேனாவோட வந்தா. வயித்துல அடையாளம் போடணுமாம். நோயாளியை நிக்கச் சொல்லி, உக்காரச் சொல்லி, குனியச் சொல்லி, சேலை எங்க கட்டுவீக, பாவாடை நாடா எங்க வருதுன்னு பாத்து, அதுல படாத இடமா ஒரு புள்ளி வைப்பாகளாம். நாளைக்குப் பை வேண்டி வந்தா அந்த இடத்துலதான் டாக்டர் ஓட்டை போடுவாகளாம். எனக்குப் பதறிப் போச்சு. வயித்துல எதுக்குப் புள்ளின்னு வடிவு கேப்பால்ல? நாடா எங்க கட்டுவன்னு கேட்டா அடுத்த கேள்வி என்ன வரும்? வார்டு வாசல்லயே மறிச்சுட்டேன். எல்லாம் தெரியும்மா அவளுக்கு, டாக்டர் சொல்லியாச்சு, அழுது முடிச்சு இப்பத்தான் மாத்திரை போட்டுத் தூங்குறா, எழுப்பாதம்மான்னேன். அவ உள்ள எட்டிப் பாத்தா. நல்ல வேளை வடிவு சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்திருந்தா. காலையில வர்றேன்னு போனா. காலையில ஆறு மணிக்கே தியேட்டருக்குக் கொண்டு போயிட்டாக. தப்பிச்சோம்டான்னு நெனைச்சேன்.

ஏழரை மணி நேரம் ஆபரேசன். நெஞ்சுக்குக் கீழ இருந்து அடிவயிறு வரைக்கும் கிழிச்சு முப்பத்தாறு பின் அடிச்சிருந்தாக. வெளிய நான் பச்சத் தண்ணி குடிக்கல. அது யாரு கணக்குல வருது? என்னைய யாரு கேட்டா?

மூணாம் நாளு வார்டுக்குக் கொண்டாந்தாக. மயக்கம் நல்லாத் தெளிஞ்சது. கை தன்னால வயித்துக்குப் போச்சு. பையில பட்டுருச்சு. வெதுவெதுன்னு இருந்திருக்கு. போர்வைய வெலக்கிப் பாத்தவ, ஐயோ குடலு வெளிய வந்துருச்சு, தையல் பிரிஞ்சு போச்சுன்னு அலறுனா பாருங்க, பக்கத்துக் கட்டில்காரவுக எல்லாம் எந்திரிச்சுட்டாக. தையல் போட்ட வயிறு, அழக்கூட முடியல, வாயத் தொறந்தா வலிக்குது. நான் சமாளிச்சேன். ஒண்ணுமில்லடி, கெட்ட தண்ணி வடிய வச்சிருக்காக, ரெண்டு நாள்ல எடுத்துருவாகன்னேன். பாதி அடங்குனா. அந்த நேரம் பாத்து ஜெசிந்தா வந்தா. வடிவு அவ கையப் புடிச்சுக்கிட்டு, இது என்னம்மான்னு கேட்டா.

ஒரு நர்சுக்கு என்ன புத்தி வேணும்? புருசங்காரன் கண்ணக் காட்டுறானே, வாய மூடுவோம்னு வேணாமா? என்னையப் பாத்தா. அவளப் பாத்தா. உங்களுக்கு ஒண்ணுமே சொல்லலையாம்மான்னு கேட்டுட்டு, என்னைய வெளிய நிக்கச் சொல்லித் திரையை இழுத்து விட்டுட்டா. அரை மணி நேரம். பன்னெண்டு நாளு நான் காத்து வச்சத அரை மணி நேரத்துல கொட்டிட்டா.

திரை விலகுனதும் வடிவு அழலை. அதுதான் எனக்கு ஆத்திரம். அழுதிருந்தா நான் தேத்தியிருப்பேன்ல? என்னையப் பாத்து, உங்களுக்கு எப்பத் தெரியும்னா. பன்னெண்டு நாளாத் தெரியும்னேன். பெறகு சொல்றா, "அந்தப் பன்னெண்டு நாளும் நான் காதுகுத்துக்குப் போனேன். பிள்ளைக எடை போடுற நோட்ட எழுதி முடிச்சேன். ராத்திரி உங்க கூட உக்காந்து டிவியப் பாத்துச் சிரிச்சேன். நான் சிரிச்சத எல்லாம் நீங்க பாத்துக்கிட்டு இருந்தீக." இதுக்கு என்ன தம்பி அர்த்தம்? சிரிச்சது நல்லதுதானே? அதுக்குத்தானே அம்புட்டுப் பாடு பட்டேன்? எனக்குச் சிரிப்பா வந்துச்சு? பாத்ரூமுல குழாயத் தொறந்து விட்டுட்டு நின்னவன் நானு.

சரி, அதோட போச்சுன்னுதான் இருந்தேன். பேசுனா. கஞ்சி குடுத்தா குடிச்சா. மூணு உருண்டை வச்ச டப்பாவுல மூச்சு இழுக்கச் சொல்லுவாக, நான் எண்ண எண்ண இழுத்தா. என் தோளப் புடிச்சுக்கிட்டு இந்த வராந்தாவுலதான் நடந்தா. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி. வீட்டுக்குப் போனோம். போனாத்தான் தெரியுது, அந்தப் பை சரியா அவ பாவாடை நாடா கட்டுற இடத்துல உக்காந்திருக்கு. நாடாவ இறுக்குனா பை ஒட்டுப் பிரிஞ்சு கசியுது. தளத்துனா சேலை நிக்கல. மேல ஏத்திக் கட்டுனா தையல் மேல படுது, எரியுதுங்கிறா. கீழ எறக்குனா பை அதுக்கு மேல மடங்கி நெறைய மாட்டேங்குது. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாளு அங்கன்வாடிக்குப் போனா. பிள்ளைகளப் பாக்காம இருக்க முடியலையாம். மத்தியானமே திரும்பி வந்துட்டா. சேலை நனைஞ்சு போச்சு. ஒரு பிள்ளை மூக்கப் பொத்திக்கிட்டு, டீச்சர் நாத்தம்னு சொல்லியிருக்கு. வேலைய விட்டுரு, நைட்டிய மாட்டிக்கிட்டு வீட்டுல இருன்னேன். கெட்ட வார்த்தையா சொன்னேன்? உயிரு பொழைச்சு வந்தவ நாடாவுக்கு அழுவாளா? உசுரு பெருசா நாடா பெருசா? நீங்க சொல்லுங்க.

அவ டாக்டரம்மாவத்தான் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தா. இம்புட்டுப் படிச்சவுக, நாம சேலை கட்டுறவுகன்னு தெரியாதான்னு. நானும் ஆமான்னேன். ஆமான்னு சொன்னதோட நின்னிருந்தா இன்னைக்கு நான் அந்தக் கதவுக்கு உள்ள இருப்பேன். ஆத்திரம் விடல தம்பி. ஜெசிந்தாவ விடக்கூடாதுன்னு தோணுச்சு. நோயாளிகிட்டப் பக்குவம் இல்லாமப் பேசுன நர்சு மேல நடவடிக்கை எடுக்கணும்னு ரெண்டு பக்கத்துக்குப் புகார் எழுதுனேன். என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், மண்டபத்துல பேரு போடுற போர்டெல்லாம் நான்தான் எழுதுறது. எழுதுனதோட விடல. பையையும் தப்பான இடத்துல வச்சிருக்கீகன்னு ஒரு வரி சேத்துக்கிட்டேன். சேக்காம இருந்திருக்கலாம்.

கூப்பிட்டாக. ஆஸ்பத்திரிப் பெரிய அதிகாரி, டாக்டரம்மா, ஜெசிந்தா, நாங்க ரெண்டு பேரு. அதிகாரி கேஸ் பைலப் புரட்டி, ஆபரேசனுக்கு மொத நாளும் மறுநாள் காலையிலயும் எழுதுன பக்கத்த எடுத்து வாசிச்சாரு. மணி போட்டு எழுதி வச்சிருக்கா அந்தப் பொம்பளை. "அடையாளம் வைக்க வந்தேன். நோயாளிக்கு எல்லாம் தெரியும் என்று கணவர் கூறினார். நோயாளி உறங்குவதாகவும் எழுப்ப வேண்டாம் என்றும் கூறினார். காலையில் நேரம் இல்லை. அடையாளம் வைக்கப்படவில்லை." அம்புட்டுத்தான். நாலு வரி. நர்சுக்கு எதுக்குத் தம்பி இம்புட்டு எழுத்து? ஊசி போடுறதுக்கா சம்பளம், கதை எழுதுறதுக்கா?

டாக்டரம்மா சொன்னாக, படுத்திருக்கிற வயித்தப் பாத்து நாங்களா ஒரு இடம் வச்சோம், எந்திரிச்சா மடிப்பு மாறும்மான்னு. ரொம்பத் தணிஞ்சு போயிச் சொன்னாக. வடிவு என் பக்கம் திரும்பாமலே, "நான் அன்னைக்குத் தூங்கலையே. முழிச்சுத்தானே கிடந்தேன்"னா. என்கிட்டக் கூடச் சொல்லல, அந்தக் கேஸ் பைலப் பாத்துச் சொன்ன மாதிரி இருந்துச்சு. வெயிலா இருக்கு, போவமான்னேன்.

அன்னையில இருந்துதான் இது. கீமோ ஆறு தடவ. ஆறுக்கும் அவளே கேஸ் பைல எடுத்துக்கிட்டு உள்ள போவா, நான் இங்க. கூட வர்றவுக பேருன்னு ஒரு கட்டம் இருக்கும்ல சீட்டுல, அதுல கோடு போட்டு விட்டுட்டா. பை மாத்துறதுக்கு நான் கத்துக்கிறேன்டின்னேன், கதவச் சாத்திக்கிட்டா. அந்த ஜெசிந்தாவும் அவளும் சேந்து பாவாடைக்குத் தோள்ல பட்டை வச்சுத் தச்சுக்கிட்டாக, சின்னப் பிள்ளைக பெட்டிக்கோட்டு கணக்கா. நாடாவே இல்ல. இப்ப அதுக்கு மேலதான் சேலை. வேலைக்கும் போறா. அவ புத்தி அது. அங்கன்வாடியில ஊசி போட வர்றப்பக் கூட, வலிக்கும்டா கண்ணு, கொஞ்ச நேரம் வலிக்கும்னு பிள்ளைககிட்ட முன்னாடியே சொல்லிருவா. எதுக்குடி பயமுறுத்துறன்னு நானே கேட்டிருக்கேன். சொல்லாமக் குத்துனா அடுத்த தடவ என்னையக் கண்டா ஓடும்ங்கன்னா. பிள்ளைக வேற, புருசன் பொண்டாட்டி வேற இல்லையா?

என் கோவம் அது கூட இல்ல தம்பி. ஒவ்வொரு தடவையும் வெளிய வருவா, என்ன சொன்னாகன்னு கேப்பேன். நல்லாருக்கும்பா. ரத்தப் பரிசோதனை? நல்லாருக்கு. வெள்ளை அணு கொறைஞ்சு ஒரு வாரம் படுக்க வச்சாக, அன்னைக்கும் நல்லாருக்குன்னுதான் சொன்னா. ஒரே குரலு, ஒரே மொகம். நெசமா நல்லாருக்கா, இவனுக்கு இது போதும்னு சொல்றாளான்னு எப்புடிக் கண்டுபிடிக்கிறது? இருபத்தெட்டு வருசம் கூட வாழ்ந்தவன் மொகத்தப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாம உக்காந்திருக்கேன். இது நியாயமா? என்கிட்ட மறைக்க அவளுக்கு என்ன உரிமை இருக்கு? அநியாயம் இல்லையா இது?

இன்னைக்குத்தான் பெரிய ஸ்கேன் முடிவு. கீமோ எல்லாம் முடிச்சு எடுத்தது. வேற எங்கயும் பரவலைன்னா பையை எடுத்துட்டு உள்ள வச்சுத் தச்சுருவாக. பரவியிருந்தா... இருந்தா என்னன்னு என்கிட்ட யாரும் சொல்லல. உள்ள போயி முக்கா மணி நேரமாச்சு. நல்ல சேதி சொல்ல முக்கா மணி நேரம் ஆகுமா? ஆகும்ல? தேதி குறிக்கணும், அது இதுன்னு இருக்கும்ல?

இருங்க. கதவு தொறக்குது. அவதான். அந்தா, கத்திரிப்பூ நெறச் சேலை. எந்திரிக்காதீக, நம்ம பேசுறது தெரிய வேணாம். என்ன, இந்தப் பக்கம் திரும்பலையே. பொம்பளைக வரிசைக்குப் போறா. உங்க அம்மா பக்கத்துலதான் உக்காருறா. பாருங்க, உங்க அம்மா மொதல்ல பேச்சுக் குடுக்குறாக. வடிவு வயித்துல கைய வச்சுக் காட்டுறா. ஐயையோ, அந்தப் பட்டையவும் எடுத்துக் காட்டுறா பாருங்க. எல்லாத்தையும் சொல்லிருவா தம்பி, அவளுக்கு வாயி நிக்காது, உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சு போயிரும். ஓடுங்க, போயி உங்க அம்மாவக் கூட்டியாந்துருங்க. ஓடுங்க.

தம்பி, தம்பி, நில்லுங்க.

கூட்டியாந்துராதீக. பேசட்டும். என்கிட்ட வந்தா நல்லாருக்குன்னு ஒத்தச் சொல்லோட முடிச்சுருவா. உங்க அம்மாகிட்ட ஸ்கேன்ல என்ன வந்துச்சோ அத உள்ளபடி சொல்லுவா. நீங்க மாத்திரை குடுக்கப் போற மாதிரி கிட்டப் போயி நின்னுக்கங்க. காதுல விழும். கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. என்னவா இருந்தாலும் சரி, இந்த ஆளு மொகத்தப் பாத்தா பாவமா இருக்கேன்னு மாத்திச் சொல்லிறாதீக தம்பி. போங்க. கொஞ்சம் வெரசாப் போங்க.